பழைய 5 எச்.பி. டீசல் இன்ஜினுக்கு வால்வு கைடு, கனெக்டிங் ராட் புஷ் வீட்டு லேத்தில் செய்வது: பொருள், அளவு, பிட்டிங்

நெல்லிக்குப்பம்_பம்புசெட்

கரும்புக்கு இறைக்கிற பழைய டீசல் இன்ஜின். ஒற்றை சிலிண்டர், தண்ணீரில் குளிர்வது, 5 எச்.பி., 1500 ஆர்.பி.எம்., போர் (சிலிண்டர் விட்டம்) 80 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 110 மி.மீ. ஆயில் குடிக்கிறது, காலையில் சீக்கிரம் பிடிப்பதில்லை. லைனரும் ரிங்கும் நல்ல நிலையில் இருக்கின்றன. தேய்ந்தது இரண்டு இடம்தான்.

கைடு (வால்வின் ஸ்டெம், அதாவது தண்டு, ஏறி இறங்கும் குழல்): நீளம் 62 மி.மீ. எக்ஸாஸ்ட் கைடின் உள்ளளவு மேல் முனையில் 9.14, நடுவில் 9.03, கீழ் முனையில் 9.19. எக்ஸாஸ்ட் வால்வு ஸ்டெம் தேயாத இடத்தில் 8.94, தேய்ந்த இடத்தில் 8.91. இன்லெட் ஸ்டெம் 8.96, தேய்மானம் இல்லை.

ராட் மேல்புஷ் (கனெக்டிங் ராட்டின் மேல்முனையில் பிஸ்டன் பின்னைத் தாங்கும் வளையம்): பிஸ்டன் பின் 24.99, புஷ் 25.09.

கடையில் வாங்கிய கைடின் வெளியளவு சரியாக 15.00. ஹெட்டில் அது கையாலேயே இறங்கிவிடுகிறது. முன்பே ஒருமுறை கைடு மாற்றியதில் ஹெட் துளை பெருத்திருக்கிறது. லாக்டைட் பசை போட்டு உட்கார வைக்கலாம் என்கிறார்கள். என்னிடம் நாலரை அடி லேத், மூன்று தாடை சக், ஒரு எச்.பி. மோட்டார் இருக்கிறது. இரண்டையும் நானே கடைய முடியுமா? எந்தப் பொருள், எவ்வளவு இறுக்கம் (துளையைவிட எவ்வளவு பருமன்)?

முதுநகர்_நாலரைஅடி

தாராளமா முடியும் தம்பி. லாக்டைட்டை மறந்துடுங்க. அந்த மாதிரி சாதாரண ரிடெயினிங் காம்பவுண்ட் பசை 150–180 டிகிரி தாண்டினா பிடி விட்டுடும். எக்ஸாஸ்ட் பக்கம் அந்தச் சூட்டை சுலபமா தொடும். வால்வோட சூடு பெரும்பங்கு சீட் (வால்வு தலை உட்கார்ற வளையம்) வழியா இறங்கும், மீதி ஸ்டெம்ல இருந்து கைடு வழியா ஹெட்டுக்குப் போகணும். நடுவுல பசை இருந்தா அந்த வழியும் அடைபடும்.

கைடைத் தட்டி எடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு வேலை. ஒண்ணு, ராக்கர் (வால்வை அழுத்துற கை) பக்கம் கைடு எத்தனை மி.மீ. வெளியே நிக்குதுன்னு டெப்த் கேஜ்ல அளந்து எழுதி வைங்க. எடுத்த பிறகு யாரும் சொல்ல முடியாது. ரெண்டாவது, எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கிற முனையில கார்பன் பாறையா இருக்கும். அதை ஸ்க்ரேப்பர் வச்சு முழுசா சுரண்டணும். அப்படியே தட்டினா கார்பன் துளை வழியா உரசிக்கிட்டே வந்து ஹெட்டைக் கோடு போட்டுடும். உங்க ஹெட் துளை பெருத்ததுக்குக் காரணமே அதுவா இருக்கலாம்.

தட்டுற கம்பி ஈ.என்.8 எஃகுல படி வச்சுக் கடைஞ்சுக்கோங்க: முன்பக்கம் 8.8 மி.மீ., 50 நீளம், பின்பக்கம் 14.5. எரியறை பக்கத்துல இருந்து ராக்கர் பக்கமா தட்டணும். ஹெட்டை நூறு டிகிரிக்குச் சூடு காட்டினா பாதி அடியிலேயே கிளம்பும்.

எடுத்த பிறகு ஹெட் துளையை மேல், நடு, கீழ்னு மூணு ஆழத்துல, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு திசையில அளந்து போடுங்க. அதுக்கு அப்புறம்தான் கைடோட வெளியளவு பத்திப் பேச முடியும்.

தட்டாஞ்சாவடி_கருவி

பொருள் பற்றி. ஹெட் வார்ப்பிரும்பு என்பதால் கைடும் வார்ப்பிரும்பாகவே இருக்கட்டும். எப்.ஜி.260 தரத்தில் கன்டினியூவஸ் காஸ்ட் கம்பி 20 மி.மீ. வாங்குங்கள். உள்ளே ஊசித்துளை இருக்காது, கிராபைட் சீராகப் பரவியிருக்கும். ஸ்டெம்முக்கு எண்ணெய் குறைவாகப் போகும் இடத்தில் அந்தக் கிராபைட்தான் கைகொடுக்கிறது. மணல் வார்ப்பில் ஊற்றிய கம்பி கிடைத்தால் மேல்தோல் கடினமாக இருக்கும். முதல் வெட்டே 2 மி.மீ. ஆழம் போய்த் தோலுக்கு அடியில் கடைய வேண்டும். அரை மி.மீ. எடுத்துப் பார்க்கலாம் என்று தோலைத் தடவினால் டூல் முனை உடனே மழுங்கும்.

வெண்கலக் கைடு போடலாமா என்று அடுத்து கேள்வி வரும். போடலாம், ஆனால் வெண்கலம் டிகிரிக்கு 18 மைக்ரான் (மீட்டர் நீளத்துக்கு) விரிகிறது, வார்ப்பிரும்பு 11 மட்டுமே. 15 மி.மீ. விட்டத்தில், 150 டிகிரி சூடேறும்போது வெண்கலம் 0.016 மி.மீ. கூடுதலாக விரியப் பார்க்கும். ஹெட் விடாது, உள்ளே நெருக்கம் ஏறும். ஏற்கெனவே அதிக இறுக்கத்தில் அடித்திருந்தால் வெண்கலம் நசுங்கி, ஆறிய பிறகு துளையில் தளர்ந்துவிடும். அலுமினிய ஹெட்டில் இந்தச் சிக்கல் தலைகீழ். அங்கே ஹெட்தான் அதிகம் விரிகிறது, அதனால் 0.04–0.06 வரை இறுக்கம் வேண்டும். உங்கள் இரும்பு ஹெட்டுக்கு 0.03 போதும்.

நெல்லிக்குப்பம்_பம்புசெட்

கைடு எடுத்தாயிற்று. எக்ஸாஸ்ட் துளை மேலே 15.04, நடுவில் 15.03, கீழே 15.05. குறுக்கே திருப்பி அளந்தால் 0.01-க்குள் வித்தியாசம். கோடு இல்லை. இன்லெட் துளையும் கிட்டத்தட்ட இதே அளவு. ராக்கர் பக்கம் நீட்டம் 17.5 மி.மீ.

எப்.ஜி.260 கம்பி கிடைத்துவிட்டது. முதலில் வெளிப்புறம் கடைந்துவிட்டுத் துளை போடுவதா, துளை போட்டுவிட்டு வெளிப்புறமா?

முதுநகர்_நாலரைஅடி

துளைதான் முதல்ல. இதுல சமரசமே கிடையாது.

62 மி.மீ. நீளத்துக்கு 9 மி.மீ. துளை. ட்ரில் எவ்வளவு நேரா விட்டாலும் மறுமுனையில கொஞ்சம் விலகித்தான் வெளியே வரும். இவ்வளவு சின்ன துளையில போரிங் பார் விட்டுச் சரி பண்ணலாம்னு நினைக்காதீங்க, கம்பி வளைஞ்சு அதிரும். துளை போன இடமே மையம்னு வச்சுக்கிட்டு, அந்தத் துளையை மேன்ட்ரல்ல (துளைக்குள்ள இறுகிப் பிடிக்கிற சரிவுக் கம்பி) ஏத்தி வெளிப்புறத்தைக் கடையணும். அப்போ விலகினதெல்லாம் வெளிச்சுத்துல வெட்டிப் போயிடும். அதுக்காகத்தான் 20 கம்பி, 16 வாங்கினா விலகலுக்கு இடம் இருக்காது.

வரிசை இப்படி: பேசிங், சென்டர் ட்ரில், 6 மி.மீ. ட்ரில், 8.6 மி.மீ. ட்ரில். ஒவ்வொரு 8–10 மி.மீ. ஆழத்துக்கும் ட்ரில்லை வெளியே இழுத்துத் தூளைத் தட்டணும். வார்ப்பிரும்புக்குக் கூலன்ட் வேண்டாம், தூளும் தண்ணியும் சேர்ந்தா சேறாகி ட்ரில்லைப் பிடிக்கும். அப்புறம் அட்ஜஸ்டபிள் ரீமரை (துளையைச் சரியான அளவுக்குச் சீவுற கருவி) 8.92-க்கு வச்சு ரெண்டு மூணு தடவையா ஓட்டுங்க. ரீமரை எக்காரணம் கொண்டும் பின்பக்கமா சுத்தக் கூடாது, வெட்டு முனை சிதறிடும்.

துளை வளைஞ்சிருக்கான்னு பார்க்க 8.89-க்கு ஒரு 70 மி.மீ. நேர்க்கம்பி கடைஞ்சு உள்ளே விடுங்க. தன் எடையில வழுக்கி இறங்கினா நேர். பாதியில நின்னா துளை வளைவு, அந்தத் துண்டை ஓரமா வச்சுட்டு வேற எடுங்க. ரீமர் விட்டத்தைத்தான் சரி பண்ணும், வளைவை நிமிர்த்தாது.

மேன்ட்ரல் ஈ.என்.8-ல ரெண்டு சென்டருக்கு நடுவுல கடையணும். ஒரு முனை 8.91, கைடு நீளம் தாண்டி மறுமுனை 8.94. கைடை லேசா தட்டி ஏத்தினா அதுவே கவ்விக்கும். மூணு தாடை சக்ல பிடிச்சுக் கடைஞ்சா 0.05, 0.08 ஓட்டம் (மையம் விலகிச் சுத்துறது) இருக்கும். அது அப்படியே வால்வு சீட்டுல வந்து நிக்கும்.

வேகம்: 18 மி.மீ. விட்டத்துக்கு எச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) டூல்னா 350 சுத்து, கார்பைடுன்னா ஆயிரம் வரைக்கும் போகலாம். மேன்ட்ரல் மெலிசா இருக்கு, ஆழமா வெட்டாதீங்க, அரை மி.மீ.க்கு மேல வேண்டாம்.

வில்லியனூர்_ஹெட்வொர்க்

அண்ணன் சொன்ன வரிசை சரி. ஒரே இடத்தில் மாறுபடுகிறேன். 8.92 எதற்கு? லேத்திலேயே 9.02-க்கு ரீம் செய்துவிட்டால் கைடை அடிக்கும்போது சுருங்கி 9.00 ஆகிவிடும். ஹெட்டில் வைத்து மறுபடி ரீமர் ஓட்டும் வேலை மிச்சம். கையால் ரீமர் ஓட்டும்போது சாய்ந்துவிட்டால் அதுவரை செய்த வேலை வீண்.

தட்டாஞ்சாவடி_கருவி

எவ்வளவு சுருங்கும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். வெளியளவு 15, உள்ளளவு 9, சுற்றிலும் கனமான ஹெட், இறுக்கம் 0.03. இந்தத் தடிமனுக்கு உள்துளை இறுக்கத்தில் சுமார் பாதி சுருங்கும், அதாவது 0.015–0.016. ஆனால் இது ஹெட் சுவர் எல்லாப் பக்கமும் ஒரே கனமாக இருந்தால் மட்டுமே. நிஜ ஹெட்டில் ஒரு பக்கம் தண்ணீர் ஜாக்கெட், இன்னொரு பக்கம் போர்ட், மேலே பாஸ். கைடின் நடுவில் அதிகம் சுருங்கும், போர்ட்டுக்குள் நீட்டும் முனையில் சுருங்கவே சுருங்காது. 9.02-க்கு முன்கூட்டியே முடித்தால் நடுவில் 9.00, முனையில் 9.02 என்று நிற்கும். புதுக் கைடே வாய் அகன்ற நிலையில் வேலையைத் தொடங்கும்.

9.00-க்கு முடித்துவிட்டு உள்ளே அடித்து அதே ரீமரை ஓட்டுவதும் சரியல்ல. எடுக்க வேண்டியது 0.015 மட்டும். அவ்வளவு மெல்லிய படலத்தை ரீமர் வெட்டாது, தேய்த்துப் பளபளப்பாக்கும். ரீமருக்கு 0.08–0.1 இருந்தால்தான் பல் கடிக்கும். ஆகவே 8.92 சரியான எண்தான்.

சாய்வுக்கு மருந்து இருக்கிறது. ஹெட்டை ட்ரில்லிங் மெஷின் மேசையில் வைத்து, சக்கில் ஒரு கூரான சென்டரைப் பிடித்து, ரீமரின் பின்முனைக் குழியில் அந்தச் சென்டரை அழுத்தி வைத்துக்கொண்டு, ரீமரை ஸ்பேனரால் கையால் திருப்புங்கள். மெஷினை ஓட்டக் கூடாது. சென்டர் நேர் பிடிக்கும், கை சுற்றும்.

9 மி.மீ. எச்7 (துளை அளவின் துல்லியத் தரம்) ரீமர் 9.005–9.012 அளவில் வெட்டும். இன்லெட் ஸ்டெம் 8.96, கிளியரன்ஸ் 0.045–0.052. புது எக்ஸாஸ்ட் வால்வு 8.94 என்றால் 0.065–0.072. இரண்டுமே நல்ல அளவு. வால்வு செய்தவர்கள் வித்தியாசத்தை ஸ்டெம்மிலேயே வைத்திருப்பதால் ஒரே ரீமர் இரண்டுக்கும் போதும். 0.03 தேய்ந்த பழைய எக்ஸாஸ்ட் வால்வைத் திரும்பப் போடாதீர்கள். தேய்ந்த இடத்துக்கும் தேயாத இடத்துக்கும் நடுவே உள்ள படி, புதுக் கைடின் வாயை அரம் மாதிரி அறுத்துவிடும்.

வில்லியனூர்_ஹெட்வொர்க்

முனை சுருங்காது என்ற கணக்கு சரிதான், ஏற்றுக்கொள்கிறேன். அடிக்கும் முறையை நான் சொல்கிறேன்.

கைடு வெளியளவு 15.07. கடைசி 0.02-ஐ 400 எமரியால் எடுக்கலாம், ஆனால் எமரியைத் தட்டையான மரச்சட்டத்தில் ஒட்டிப் பிடிக்க வேண்டும். விரலால் சுற்றிப் பிடித்தால் இரு முனையும் குறைந்து நடு பருத்துவிடும். உள்ளே நுழையும் முனையில் 3 மி.மீ. நீளத்துக்கு 15.02 வைத்துக்கொள்ளுங்கள். அந்த 3 மி.மீ. ஹெட்டில் கையால் நுழைந்து நேராக நிற்கும், பிறகு சாயாது.

15 மி.மீ. துளை, ஹெட்டை 30-லிருந்து 150 டிகிரிக்கு ஏற்றினால் 0.02 விரியும். கைடை இரவு முழுக்க ஃபிரீசரில் வைத்தால் மைனஸ் 18-க்குப் போகும், 0.008 சுருங்கும். கூட்டினால் 0.028. உங்கள் இறுக்கம் 0.03. சுத்தியல் இரண்டு தட்டில் இறங்கிவிடும். கைடில் எண்ணெய் தடவ வேண்டாம், ஃபிரீசரிலிருந்து எடுத்ததும் நம் ஊர்க் காற்றில் பத்து விநாடியில் வியர்க்கும், துணியால் ஒரே துடைப்பு, உடனே உள்ளே. படிக் கம்பியில் 17.5 நீட்டத்துக்கு ஒரு காலர் கடைந்து வைத்தால் தானே நிற்கும். பாதியில் நின்று அளக்க நேரம் கிடைக்காது.

ஹெட்டைச் சூடாக்க கேஸ் வெல்டிங் தீயை நேராகக் காட்டாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் சூடேறி வால்வு சீட்டுகளுக்கு நடுவே விரிசல் விடும். அடுப்பின் மேல் கனத்த தகடு, அதன் மேல் ஹெட், மேலே தகரத்தால் மூடி, அரை மணி நேரம். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் பளபளப்பான பரப்பில் குறைத்துக் காட்டும், ஓரிடத்தில் கறுப்புப் பெயின்ட் பூசி அங்கே அளக்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் 60/40 சோல்டர் கம்பியால் தொட்டுப் பாருங்கள். அது 190 டிகிரிக்குள் உருகும். உருகினால் வேண்டியதைவிடச் சூடு ஏறிவிட்டது.

பண்ருட்டி_தோப்பு

கைடு மாற்றிய பிறகு சீட் கட்டிங் கட்டாயமா சார்? சீட் பார்க்க நன்றாக இருந்தால் லேப்பிங் பேஸ்ட் (வால்வையும் சீட்டையும் உரசித் தேய்க்கும் பசை) மட்டும் போட்டால் போதாதா?

வில்லியனூர்_ஹெட்வொர்க்

கட்டாயம். கைடு மாறினால் அச்சு மாறும், 0.03 மாறினாலும் சீட்டின் ஒரு பாதியில்தான் வால்வு உட்காரும். பேஸ்ட் போட்டுத் தேய்த்தே சரிக்கட்டப் பார்த்தால் சீட் அகலமாகும், வால்வு முகத்தில் பள்ளம் விழும். பைலட்டை (கட்டரை நேர் பிடிக்கும் கம்பி) புதுக் கைடில் விட்டு 45 டிகிரி கட்டரால் சுற்று முழுக்க வெட்டு தெரியும் வரை மட்டும் எடுங்கள். தொடு அகலம் இன்லெட்டுக்கு 1.2–1.6, எக்ஸாஸ்ட்டுக்கு 1.6–2.0. எக்ஸாஸ்ட் சீட்டை மெலிதாக விட்டால் சூடு இறங்க இடமின்றி வால்வு எரியும்.

பிறகு நைஸ் பேஸ்ட்டில் கொஞ்ச நேரம் லேப்பிங், துடைத்துவிட்டு நீலம் (தொடும் இடத்தைக் காட்டும் மை) தடவி வால்வைத் திருப்பாமல் ஒரு தட்டு. நீலக்கோடு எங்கும் அறுபடாமல் வந்தால் வேலை முடிந்தது. சீட் ஆழமாக இறங்கினால் வால்வு தலை உள்ளே போகும், எரியறை பெருத்துக் கம்ப்ரஷன் குறையும். ஹெட் முகத்திலிருந்து வால்வு எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று வெட்டுவதற்கு முன்னும் பின்னும் அளந்து, இன்ஜின் கையேட்டில் கொடுத்த எல்லைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். தாண்டினால் சீட் இன்சர்ட் போட வேண்டும், அது வீட்டு லேத் வேலை அல்ல.

முதுநகர்_நாலரைஅடி

இனி ராட் புஷ். இதுக்கு வெண்கலம்தான். கோர்டு பார்னு நடுவுல துளையோட வரும், பாஸ்பர் பிரான்ஸ் பி.பி.2 இல்ல எல்.ஜி.2 கன்மெட்டல் கேளுங்க. உங்க பின் கேஸ் ஹார்டன் ஆனதுங்கிறதால பாஸ்பர் பிரான்ஸ் தாங்கும். பழைய இரும்புக் கடையில மஞ்சளா மின்னுற கம்பியை வெண்கலம்னு கொடுப்பாங்க. அரத்தால ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்க. எலுமிச்சை மஞ்சளா இருந்தா பித்தளை, செம்பழுப்பா இருந்தா வெண்கலம். பித்தளைப் புஷ் டீசல் இன்ஜின் அடியில ஒரு சீசன் தாங்காது.

கடையுறப்போ எல்லாரும் சறுக்குற இடம் ஒண்ணு இருக்கு. 2 மி.மீ. சுவர் புஷ்ஷை மூணு தாடை சக்ல இறுக்கிப் பிடிச்சு போர் பண்ணுவாங்க. பிடிச்சிருக்கிறப்போ துளை வட்டமா அளவு காட்டும். சக்கை விட்டதும் சுவர் பழைய நிலைக்குத் திரும்பி துளை மூணு மூலையா ஆயிடும். ரெண்டு முனை மைக்ரோமீட்டர் இதைக் காட்டிக் கொடுக்காது, எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரே எண்ணாத்தான் வரும். அதனால நீளமான துண்டா சக்ல பிடிச்சு, வெளியே நீட்டின பாகத்துலயே உள்ளும் வெளியும் ஒரே பிடியில முடிச்சு, கடைசியா பார்ட்டிங் டூலால அறுத்து எடுக்கணும்.

ராட் கண் (புஷ் உட்கார்ற துளை) அளவு சொல்லுங்க.

நெல்லிக்குப்பம்_பம்புசெட்

பழைய புஷ்ஷை எடுத்த பிறகு கண் 29.00, ஓவல் 0.01. அகலம் 34.

முதுநகர்_நாலரைஅடி

வெளியே 29.05, உள்ளே 24.95-ல நிறுத்துங்க. மெலிசான சுவர் புஷ் கைடு மாதிரி இல்ல, இறுக்கம் பெரும்பாலும் அப்படியே உள்ளே வரும். 0.05 இறுக்கினா துளை 0.04-க்கு மேல சுருங்கி 24.91 கிட்ட நிக்கும். 25 எச்7 ரீமர் எடுக்க 0.1 கிடைக்கும். முடிவுல 25.01–25.02. பின்னுக்கு 0.02–0.03 ஆட்டம், எண்ணெய் தடவினா பின் தன் எடையில மெதுவா இறங்கும். சுத்தியலால தட்டணும்னா இறுக்கம், கையில ஆட்டினா சத்தம் வந்தா லூஸ்.

அழுத்துறதுக்கு பெஞ்ச் வைஸ் போதும். ஒரு பக்கம் புஷ்ஷைவிடப் பெரிய துளையுள்ள சாக்கெட், ஒரு பக்கம் தட்டைத் தகடு. எண்ணெய்த் துளையைக் கண்ணுல இருக்கிற துளை வழியாவே, புஷ்ஷை அழுத்தின பிறகு போடணும். ரீமர் ஓட்டுறது அதுக்கும் பிறகு. அப்பத்தான் ட்ரில் தள்ளின பிசிறை ரீமர் அறுத்து எடுக்கும். உள்ளே எண்ணெய்க்கால் வெட்டுறதா இருந்தா ரெண்டு ஓரத்துலயும் 4 மி.மீ. விட்டுடுங்க. ஓரம் வரைக்கும் வெட்டினா எண்ணெய் நிக்காம ஓடிடும்.

தட்டாஞ்சாவடி_கருவி

இதோடு ஒன்று சேர்க்கிறேன். கடைந்து முடித்த வெண்கலத்தை உடனே அளக்காதீர்கள். கையில் சூடாகத் தெரிகிற ஜாப் சுமார் 60 டிகிரி, பட்டறை 30. 29 மி.மீ. வெண்கலம் அந்த 30 டிகிரிக்கு 0.016 பெருத்திருக்கும். சூட்டில் 29.05 காட்டியது ஆறியதும் 29.034. நீங்கள் வைத்த இறுக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது. கடைசி வெட்டுக்கு முன் ஜாப்பை ஆற விட்டு, மைக்ரோமீட்டரையும் பக்கத்திலேயே வைத்து, இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு அளந்து, மீதியை எடுங்கள்.

ரீமிங் முடிந்ததும் ராட் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். மேல் கண்ணிலும் கீழ்க் கண்ணிலும் பொருந்தும் இரண்டு நேர்க்கம்பிகள், வி-பிளாக், டயல். 100 மி.மீ. நீளத்தில் 0.03-க்கு மேல் சாய்வோ முறுக்கோ இருந்தால் பிஸ்டன் லைனரின் ஒரு பக்கத்தில் உரசும்.

தேங்காய்த்திட்டு_மரைன்

படகு இன்ஜின் வேலை செய்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. மேலே சொன்ன வெண்கலக் கணக்கு எண்ணெய்க்குள் ஓடும் புஷ்ஷுக்குச் சரி. கடல் தண்ணீர் பம்பு புஷ் வேறு விஷயம். அங்கே பித்தளை போட்டால் உப்புநீர் துத்தநாகத்தை மட்டும் தின்றுவிடும், மீதி நிற்கும் செம்பு ரொட்டி போலப் பொடியும். வெளியே நிறம் சிவந்தால் அதுதான் அறிகுறி. எல்.ஜி.2 கன்மெட்டல் போடுங்கள். ஷாஃப்ட் 304 வேண்டாம், 316 எடுங்கள். கிளாண்டில் (ஷாஃப்ட் வழியே நீர் கசியாமல் அடைக்கும் இடம்) கிராபைட் பேக்கிங் கயிறு சுற்றாதீர்கள். கிராபைட்டும் ஸ்டெயின்லெஸ்ஸும் உப்புநீரில் சேர்ந்தால் மின்கலம் மாதிரி வேலை செய்து, நிறுத்தி வைத்த படகிலேயே ஷாஃப்ட்டில் குழி விழும். கிராபைட் இல்லாத டெஃப்ளான் பேக்கிங் போடுங்கள்.

பண்ருட்டி_தோப்பு

ஹெட் பேக்கிங்கையும் (ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே வரும் கேஸ்கெட்) செம்புத் தகட்டில் வீட்டிலேயே வெட்டலாமா? பழைய செம்புப் பேக்கிங்கைச் சுட்டுத் திரும்பப் போடுவது?

தட்டாஞ்சாவடி_கருவி

வெட்டலாம், தடிமன்தான் முக்கியம். 80 போருக்குப் பரப்பு 50.3 சதுர செ.மீ. பேக்கிங் 0.1 மி.மீ. கூடினால் எரியறை அரை சி.சி. பெருக்கும். 553 சி.சி. இன்ஜின், 16.5 கம்ப்ரஷன் விகிதம் என்றால் எரியறை மொத்தமே 35.7 சி.சி. 0.3 மி.மீ. கூடுதல் தடிமனான தகடு போட்டால் 37.2 ஆகும், கம்ப்ரஷன் 15.9-க்கு இறங்கும். மார்கழிக் காலையில் ஹேண்டில் அடிக்கிறவர் கைக்கு அந்த வித்தியாசம் தெரியும். மெலிந்தாலும் ஆபத்து, பிஸ்டன் ஹெட்டைத் தட்டும். பிஸ்டன் மேல் ஈயக் கம்பியைக் கிரீஸால் ஒட்டி, ஹெட்டைப் பூட்டி, கையால் ஒரு சுற்று சுற்றி எடுத்து நசுங்கிய தடிமனை அளந்து கையேட்டோடு ஒப்பிடுங்கள்.

சுடுவது சரி. இருட்டில் மங்கலான சிவப்பு தெரியும் வரை முழுவதும் சீராகச் சூடாக்கித் தண்ணீரில் போடலாம். செம்பு இரும்பு மாதிரி இறுகாது, மென்மையாகவே இருக்கும். கறுப்புச் செதிலும் உதிரும்.

அரியாங்குப்பம்_வயரிங்

வீட்டு லேத்தில் சிங்கிள் ஃபேஸ் மோட்டார் வேகம் மாற்ற பெல்ட்டோடு மல்லுக்கட்டுகிறவர்கள் த்ரீ ஃபேஸ் மோட்டாரும் வி.எஃப்.டி.யும் (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்னணு டிரைவ்) வைக்கலாம். 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் உள்ளே போனால் 230 த்ரீ ஃபேஸ்தான் வெளியே வரும். மோட்டார் தகட்டில் டெல்டா 230, ஸ்டார் 415 என்றிருந்தால் டெர்மினல் பெட்டியில் டெல்டாவுக்கு மாற்றுங்கள். ஸ்டாரிலேயே விட்டால் இழுவை இருக்காது. டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே ஸ்விட்ச் வைத்து ஆன் ஆஃப் செய்தால் டிரைவ் போய்விடும். ஸ்டாப் பொத்தான் டிரைவின் கன்ட்ரோல் டெர்மினலில் இருக்கட்டும். மோட்டாரையும் டிரைவையும் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் வையுங்கள். 2015 வெள்ளத்தைப் பார்த்த கடலூர்க்காரர்களுக்கு ஏன் என்று தெரியும்.

தேங்காய்த்திட்டு_மரைன்

துரு பற்றியும் யாரும் பேசவில்லை. கடலுக்கு நாலு கிலோமீட்டருக்குள் பட்டறை என்றால் வார்ப்பிரும்புத் தூளை லேத் பெட்டில் இரவு விடக் கூடாது. உப்புக் காற்று ஈரத்தை இழுக்கும், காலையில் வழிப்பாதை முழுக்கப் பொட்டுப் பொட்டாகத் துரு. பெட் மேல் துணி விரித்துக் கடையுங்கள், முடிந்ததும் வேக்குவம் போட்டு உறிஞ்சிவிட்டு எண்ணெய்த் துணியால் துடையுங்கள். ஊதாதீர்கள், தூள் கேரியேஜுக்கு (டூலோடு நகரும் பாகம்) அடியில் புகுந்து வழிப்பாதையை அறுக்கும். ரீமரும் மைக்ரோமீட்டரும் இருக்கும் அலமாரிக்குள் ஒரு 40 வாட் குண்டு பல்பை எரிய விட்டால் உள்ளே வெளியைவிடச் சில டிகிரி சூடு கூடும், ஈரம் படியாது. துரு எடுக்கிற ஆசிட், பேட்டரி சார்ஜிங் இரண்டும் அந்த அறையில் வேண்டாம். மூடியிருந்தாலும் ஆவி கசிந்து எல்லா இரும்பையும் பிடிக்கும்.

முதுநகர்_நாலரைஅடி

லேத் முன்னாடி லுங்கியும் தோள்ல துண்டும் வேண்டவே வேண்டாம் தம்பி. கையுறையும் கூடாது. சக் பிடிச்சா விடாது. வார்ப்பிரும்புத் தூளுக்கு மாஸ்க் போட்டுக்கோங்க.

இன்னொண்ணு. கைடு, புஷ், ஸ்பேசர், வாட்டர் பம்பு ஷாஃப்ட், புல்லி, கீ இதெல்லாம் வீட்டுல செய்யலாம். கனெக்டிங் ராட் போல்ட்டை மட்டும் செய்யாதீங்க. ஈ.என்.24 கம்பி வாங்கி நல்லா மரை வெட்டினாலும், வெட்டின மரையோட அடிப்பள்ளம் விரிசல் தொடங்குற இடம். கம்பெனி போல்ட்டுல மரை உருட்டி அழுத்தினது, கழுத்துல வளைவு வச்சது. அது அறுந்தா ராட் பிளாக்கைப் பிளந்துக்கிட்டு வெளியே வரும். வால்வும் அதே மாதிரிதான், வாங்கித்தான் போடணும். ஃப்யூயல் பம்ப் எலிமென்ட்ல பிளஞ்சருக்கும் பேரலுக்கும் நடுவுல ரெண்டு மூணு மைக்ரான்தான் இடைவெளி, நம்ம லேத்துக்கு எட்டாத வேலை.

நெல்லிக்குப்பம்_பம்புசெட்

முடித்துவிட்டேன். கைடு இரண்டு தட்டில் இறங்கியது, நீட்டம் 17.5. ரீமருக்குப் பிறகு எக்ஸாஸ்ட் உள்ளளவு மேலே 9.01, நடுவில் 9.005, கீழே 9.01. புஷ் 25.015. நீலக்கோடு இரண்டு சீட்டிலும் முழுதாக வந்தது. ஸ்பிரிங் போட்டு, ஹெட்டைக் கவிழ்த்து எரியறைப் பள்ளத்தில் மண்ணெண்ணெய் ஊற்றினால் இன்லெட் காய்ந்தே இருக்கிறது, எக்ஸாஸ்ட் போர்ட்டில் ஐந்து நிமிடத்தில் லேசாக ஈரம் தெரிகிறது. சொட்டு விழவில்லை. திரும்பக் கழற்றணுமா?

வில்லியனூர்_ஹெட்வொர்க்

கழற்ற வேண்டாம், முதலில் வால்வு முனையில் மரச் சுத்தியலால் நாலைந்து தட்டு தட்டிவிட்டு மறுபடி ஊற்றிப் பாருங்கள். பேஸ்ட் துகள் ஒன்று சிக்கியிருந்தால் அதிலேயே விலகும். ஈரம் தொடர்ந்தால் அந்த ஒரு வால்வை மட்டும் கழற்றி, சீட்டையும் கைடு உள்ளேயும் மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் போட்டுக் கழுவி, நைஸ் பேஸ்ட்டில் இருபது முப்பது திருப்பு திருப்பி, திரும்பவும் நன்றாகக் கழுவிப் பூட்டுங்கள். கைடுக்குள் பேஸ்ட் துளி தங்கினால் புதுக் கைடு ஒரு மாதத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும், அதனால் கழுவுவதில் அவசரம் வேண்டாம். ஐந்து நிமிடத்தில் ஈரம் மட்டும் தெரிகிற சீட் ஓட ஓட உட்கார்ந்துவிடும். சொட்டு விழுந்தால்தான் மறுபடி கட்டர் எடுக்க வேண்டும்.

பூட்டியதும் கையால் பத்து சுற்று சுற்றிப் பாருங்கள், வால்வு எங்கும் தயங்கக் கூடாது. ஸ்டெம்முக்கு இன்ஜின் ஆயில் விட்டு, முதல் ஒரு மணி நேரம் பம்பு பெல்ட் இல்லாமல் ஓட்டுங்கள். நிறுத்தி முழுதாக ஆறிய பிறகு ஹெட் நட்டுகளைக் குறுக்கு வரிசையில் மறுபடி இறுக்கி, டேப்பட் இடைவெளியை (ராக்கருக்கும் வால்வு முனைக்கும் நடுவே உள்ளது) திரும்ப வையுங்கள். பேக்கிங் நசுங்கியதில் அது மாறியிருக்கும்.